நல்ல பூச்சி... யாருக்கு?

'நல்ல மனுஷன்' என்று யாரைச் சொல்வீர்கள்? சட்டென்று மூன்று பேரை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படியே பாளையங்கோட்டையில் ஒரு சமையலறைக்கு வாருங்கள்.

அக்கா மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். சொதி கொதிக்கும் அடுப்பில் அன்றைக்கு சீஸ் ஸ்டஃப்டு சிக்கன், கூடவே பாஸ்தா! நெஞ்சுக் கறியைப் பை மாதிரி கீறி, துருவிய சீஸைத் திணித்து, வாய் பிரியாமல் பல் குச்சியால் குத்திக்கொண்டிருந்தாள். கொத்தமல்லிக் கட்டைப் பிரித்தால், சிவப்பு முதுகில் கறுப்புப் பொட்டு வைத்த பொறிவண்டு ஒன்று ஊர்கிறது. தட்டிவிடப் போனேன்.

''ஐயோ மாமா, அடிச்சிராதீங்க! அது நல்ல பூச்சி. அசுவினியைத் தின்னும்.''

கூடத்திலிருந்து ஆச்சியின் குரல்... ''அப்போ அந்தக் கோழி என்னட்டி கெட்டது பண்ணுச்சு?''

எல்லோரும் சிரித்துவிட்டோம். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி தொண்டையில் நின்றுவிட்டது.

பொறிவண்டு விவசாயிக்கு நண்பன்தான். பிசானப் பயிரில் புகையானைத் தின்னும். 1888-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோன ஒரு பொறிவண்டு இனம், அழிந்துகொண்டிருந்த ஆரஞ்சுத் தோட்டங்களையே காப்பாற்றியது.

ஆனால், அதே வண்டு இரை கிடைக்காவிட்டால் தன் இனத்து முட்டைகளையே தின்றுவிடும். அதன் பங்காளி ஒன்று உண்டு. முதுகில் 28 புள்ளி. அது கத்தரி இலையைச் சுரண்டிச் சுரண்டிச் சல்லடையாக்கிவிடும். அழகில் இருவரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். குணம்? பசிதான்! ஒன்றின் பசி நம் எதிரி மேல் பாய்கிறது. அது 'நன்மை செய்யும் பூச்சி'. இன்னொன்றின் பசி நம் கத்தரிச் செடி மேல் பாய்கிறது. அது 'தீமை செய்யும் பூச்சி'.

இன்னொரு வேடிக்கை. பொறிவண்டின் புழு, குட்டி முதலை மாதிரி அவலட்சணமாக இருக்கும். அதுவும் அசுவினியைத்தான் தின்கிறது. விவரம் தெரியாதவர்கள் அதை நசுக்கிவிட்டு, பொட்டு வைத்த வண்டைக் கையில் ஏந்திக் கொஞ்சுவார்கள்.

பி.காம். படித்த புத்திக்கு ஒன்று தோன்றுகிறது. ஒருத்தர் கணக்கில் வரவு என்றால், இன்னொருத்தர் கணக்கில் அது பற்று. நம் பேரேட்டை மட்டும் பார்த்து 'நல்லது' என்று எழுதிவிடுகிறோம். அசுவினியின் பேரேட்டில் பொறிவண்டு எமன். கோழியின் பேரேட்டில் நாம் யார்?

சரி, இப்போது அந்த மூன்று பேருக்கு வாருங்கள். வரிசையில் நிற்கவிடாமல், உங்கள் ஃபைலை முதலில் நகர்த்திக் கொடுத்த ஆபீசர் அதில் இருக்கிறாரா? உங்களுக்கு அவர் தங்கமான மனுஷன். காலையிலிருந்து கால் கடுக்க நின்ற அந்தப் பெரியவருக்கு?

பொறிவண்டுக்கு வேறு வழியில்லை. பசித்தால் தின்னும், அதற்கு நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது. மனிதனுக்கு வழி உண்டு. 'மாட்டேன்' என்று சொல்ல முடியும். தனக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லாதபோதும் அடுத்தவனுக்காக நிற்க முடியும். அப்படி நிற்கிறவனுக்குத்தான் 'நல்லவன்' என்ற சொல் பொருந்தும். மற்றதெல்லாம் நமக்கு உபயோகமானவர்கள், அவ்வளவுதான்.

சிக்கன் சாப்பிடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அடுத்த தடவை யாரையாவது 'நல்லவர்' என்று சொல்ல வாயெடுக்கும்போது, கூடவே ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்...

'யாருக்கு?'