மறைந்து நிற்கும் கை

நல்ல நூலொன்றைப் படித்து முடிக்கும்போது அதனை இயற்றியவரின் பெயர் நம் நெஞ்சில் நிற்கிறது. அந்நூலின் எழுத்துகளுக்கு வடிவம் தந்தவர் யார் என்ற வினா நமக்கு எழுவதே இல்லை. கண் சோராமல் நூறு பக்கங்களைப் படித்தோமெனில், அதற்கு அவரும் காரணமானவர் அல்லரோ? தம்மை மறைத்துக்கொண்டு உழைப்பவர்க்கு நாம் ஆற்றவேண்டிய கடன் யாது என்பதே ஈண்டு நாம் எண்ணிப் பார்க்கும் வினா.

ஐரோப்பாவில் அச்சுத்தொழில் தோன்றிய 15ஆம் நூற்றாண்டில் எழுத்து வெட்டுதல், வார்த்தல், கோத்தல், பக்கம் அமைத்தல் யாவும் கைவினைஞர் பணியாகவே இருந்தன. 20ஆம் நூற்றாண்டில்தான் பக்கத்தைத் திட்டமிடுதல் தனித்தொழிலாக வளர்ந்தது. 1947இல் பெங்குவின் பதிப்பகத்தில் பொறுப்பேற்ற யான் சிகோல்ட், சொல்லிடைவெளி, நிறுத்தக்குறி முதலியவற்றிற்கு அச்சுக்கோப்போர் பின்பற்றவேண்டிய விதிகளை வகுத்தளித்தார். கோப்பவர் வேறு, வடிவமைப்பவர் வேறு என்னும் நிலை வலுப்பெற்றது.

இத்தொழிலுக்கு ஓர் அறமும் உரைக்கப்பட்டது. 1930இல் இலண்டனில் உரையாற்றிய பியாட்ரிஸ் வார்டு, நல்ல அச்சினைப் பளிங்குக் கிண்ணத்திற்கு ஒப்பிட்டார். பொற்கிண்ணம் தன்னைக் காட்டும். பளிங்குக் கிண்ணமோ தன்னுள் இருக்கும் மதுவைக் காட்டும். அதுபோல எழுத்தும் தன்னை மறைத்துக் கருத்தைக் காட்டவேண்டும் என்பது அவர் கொள்கை.

இக்கொள்கை உயர்ந்ததே. ஆயினும் எழுத்து மறையவேண்டும் என்பதால், அதனை வடித்தவரும் மறக்கப்படவேண்டுமா?

1501இல் வெனிசு நகரில் ஆல்டஸ் மனூசியஸ் வெளியிட்ட கையடக்கமான வெர்ஜில் நூலில் சாய்வெழுத்து முதன்முறையாக நூல் முழுவதும் இடம்பெற்றது. அதனை வெட்டியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அந்நூலிலேயே ஆல்டஸ் அவரைப் பாராட்டினார். ஆனால், அவ்வெழுத்திற்கு வெனிசு அரசு வழங்கிய தனியுரிமை ஆல்டஸையே சேர்ந்தது. கிரிஃபோ அங்கிருந்து விலகி வேறோர் அச்சகத்தார்க்குப் பணிபுரியலானார். 1932இல் இலண்டன் டைம்ஸ் நாளிதழுக்கென உருவான எழுத்தும் இவ்வாறே. ஸ்டான்லி மாரிசனின் வழிகாட்டுதலில் அதனை வரைந்தவர் விக்டர் லார்டென்ட். உலகெங்கும் பரவிய அவ்வெழுத்தோடு பெரிதும் பேசப்படுவது மாரிசனின் பெயரே.

பிறரைக் குறை கூறுமுன் என் பிழையையும் சொல்லவேண்டும். ஈய எழுத்துகள் வழக்கிலிருந்த இறுதிக் காலத்தில், இளம் ஆசிரியனாகப் பள்ளி ஆண்டு மலரைத் தொகுத்தேன். அச்சுக்கோத்த பெரியவர் எழுத்துகளைத் தலைகீழாய்ப் படித்தபடியே, என் கட்டுரையிலிருந்த லகர ளகரப் பிழைகளைத் திருத்தித் தந்தார். மலர் வெளிவந்ததும் அவரிடம் ஒரு படி கொடுத்தேன். அவர் நேரே நன்றியுரைப் பக்கத்தைப் புரட்டினார். நன்கொடையாளர் பெயரெல்லாம் இருந்தன; அவர் பெயர் இல்லை. ஒன்றும் சொல்லாமல் மலரை மூடி வைத்தார். அம்மௌனம் இன்றும் என்னை உறுத்துகிறது.

ஒருவர் தம்மைத் தாமே மறைத்துக்கொள்வது தொண்டு. பிறர் அவரை மறைப்பது அநீதி. தன்னடக்கம் உழைப்பவர் தாமே மேற்கொள்ளவேண்டிய பண்பேயன்றி, பயன் பெறுவோர் அவர்மீது சுமத்தத்தக்கதன்று. மாணவர் உயர்வில் மறைந்து நிற்கும் ஆசிரியர்க்கு இவ்வுண்மை நன்கு விளங்கும்.

இன்று எம் பள்ளி மலரைக் கணினியில் வடிவமைப்பவரின் பெயரை முதற்பக்கத்திலேயே அச்சிடுகிறோம். அப்பெரியவர்க்குச் செலுத்தாத கடனை இவ்வாறேனும் தீர்க்க முயல்கிறேன். மாணவர்களே, அடுத்த நூலைத் திறக்கும்போது, அதனை உங்கள் கைக்குக் கொணர்ந்த மறைந்த கைகளையும் ஒரு கணம் நினையுங்கள்.