மாவடை, மரவடை

நெல் நட்டவரே அறுத்துவிடலாம். கொல்லையில் பலாக்கன்று வைத்தவர் பேரப்பிள்ளைகளை நினைத்துத்தான் வைத்தார். தஞ்சைப் பக்கத்துப் பழைய வீடுகளில் பல, தெருத் திண்ணையில் தொடங்கி வாய்க்கால் கரையில் முடிபவை. கிணற்றடித் தண்ணீர் ஓடும் வழியில் வாழை, சற்றுத் தள்ளி நார்த்தையும் எலுமிச்சையும், மாட்டுக் கொட்டகையை ஒட்டி முருங்கை, வேலியோரம் தென்னை, கடைக்கோடியில் மூங்கில் கொத்து. யாரும் வரைபடம் போட்டு வைத்ததில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீர்கூட வீணாகாத அந்த ஏற்பாடு, பல தலைமுறைப் பெண்களின் கைக்கணக்கு. அதற்காக அவர்கள் பெயரை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

கிரயப் பத்திரத்தில் இன்றும் ‘மாவடை, மரவடை உட்பட’ என்று, அதாவது நிலத்தில் நிற்கும் மரங்களையும் சேர்த்தே, எழுதுகிறார்கள். விலை பேசும்போது மட்டும் சதுர அடிதான் பேச்சு. மனைக்கல் ஊன்றுவதற்குக் காய்க்கிற மாமரமே இடைஞ்சல் ஆகிவிடுகிறது.

மரத்தின் மதிப்பைக் காசில் அளக்க முடியாது என்பதைக் கஜா காட்டியது. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த அந்தப் புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. நிவாரணமாகப் பணம் தரலாம், கன்று தரலாம். முப்பது வருஷத்து மரத்தை எந்த அரசாங்கத்தாலும் தர முடியாது. அதன்பின் ஊன்றிய நெட்டைக் கன்றுகள் இப்போதுதான் பாளை விடும் வயதுக்கு வந்திருக்கின்றன.