உலர்த்தி வைக்க முடியாத விதை

அலபாமாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓக் மரங்கள் அடர்ந்த சரிவு ஒன்று இருக்கிறது. அந்த நிழலில் பாட்டில்பிரஷ் பக்ஐ வளர்க்கிறேன். வாங்கி வந்து வைத்த செடியல்ல. அலபாமா, ஜார்ஜியா காடுகளில் தானாக வளர்கிற இந்த மண்ணின் புதர். 1788இல் தாமஸ் வால்ட்டர் இதற்கு ஈஸ்குலஸ் பார்விஃப்ளோரா என்று தாவரவியல் பெயர் வைத்தார். வசந்தத்துப் பூக்கள் எல்லாம் ஓய்ந்து, காடு வெறும் பச்சையாக நிற்கும் கோடையில்தான் இது பூக்கும். ஏறக்குறைய ஓர் அடி நீளத்துக்கு வெள்ளைப் பூங்கொத்துகள் நிமிர்ந்து நிற்கும். இதழ்களைத் தாண்டி மகரந்த இழைகள் வெகுதூரம் நீண்டிருக்கும். அவற்றின் நுனியில் செம்மை. வாலுள்ள பெரிய வண்ணத்துப்பூச்சிகள் நாள் முழுக்க அங்கேதான்.

இத்தனை பூத்தாலும் காய்ப்பது சொற்பம். ஒரு கொத்தில் பெரும்பாலானவை ஆண் பூக்கள். அதனால் இலையுதிர் காலத்தில் தோல் வெடித்து விழும் ஒவ்வொரு கொட்டையும் எனக்கு அருமையானது. பளபளப்பான பழுப்பு, கையில் எடுத்தால் வைக்க மனம் வராத வழவழப்பு. தின்றால் நஞ்சு. ஆனாலும் பக்ஐ கொட்டையைச் சட்டைப் பையில் வைத்திருந்தால் அதிர்ஷ்டம், மூட்டுவலி அண்டாது என்று இங்கே நெடுங்காலமாக ஒரு நம்பிக்கை. வருடக்கணக்காக ஒரே கொட்டையைச் சுமக்கிறவர்கள் உண்டு. கை பட்டுப் பட்டு அது மெருகேறும். உள்ளே உயிர் மட்டும் இருக்காது.

காரணம், இந்த விதை உலர்ந்தால் செத்துவிடும். நெல்லையும் உளுந்தையும் காயவைத்து அடுத்த பட்டத்துக்கு எடுத்துவைக்கும் வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இது முதலில் பிடிபடாது. ஆனால் நம் ஊர்ப் பலாக்கொட்டையும் நாவல்கொட்டையும் இதே ரகம்தான். விதைகளை இப்படி இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கும் முறையை 1973இல் ராபர்ட்ஸ் என்ற விதையியலாளர் முன்வைத்தார்: உலர்த்திச் சேமிக்கத் தக்கவை, உலர்வதைத் தாங்காதவை. பக்ஐ விழுந்த சூட்டோடு மண்ணுக்குள் போக வேண்டும். ஊன்றியபின் அந்த இலையுதிர் காலத்திலேயே வேர் இறங்கும். மேலே ஒன்றும் தெரியாது. குளிர்காலம் கழிந்து வசந்தத்தில்தான் தண்டு எட்டிப் பார்க்கும். பூக்க இன்னும் பல வருடங்கள். பிறகு வேரடிக் கன்றுகள் விட்டு மெல்ல மெல்லப் பரவும்.

பொறுமை பற்றி நான் கொண்டிருந்த எண்ணத்தை இந்தப் புதர் மாற்றியது. பொறுமைசாலி என்றால் தொடங்குவதற்கும் அவசரப்படாதவர் என்றே நினைத்திருந்தேன். இந்தச் செடி கேட்பது வேறு. வளர்வதில் இவ்வளவு நிதானமான ஒன்று, ஊன்றுவதில் தாமதத்தைப் பொறுப்பதில்லை. அப்படியானால் தள்ளிப்போடுவதைப் பொறுமை என்று சொல்லிக்கொள்ள முடியாது.

மனித காரியங்களையும் இப்போது இப்படித்தான் பார்க்கிறேன். பணத்தைச் சேர்த்துவைக்கலாம். படிக்க நினைத்த புத்தகம் பத்து வருடம் காத்திருக்கும். ஆனால் நோயில் கிடப்பவரைப் போய்ப் பார்ப்பது, வளர்த்துவிட்டவரிடம் நன்றி சொல்வது, சண்டை போட்ட தம்பியிடம் முதலில் பேசுவது, இவையெல்லாம் பக்ஐ ரகம். நல்ல எண்ணம் மனதில் பத்திரமாக இருக்கிறது என்று நாம் நிம்மதியாக இருப்போம். நினைக்க நினைக்க அது மெருகும் ஏறும். மறுபக்கமும் உண்டு. பேசிவிட்டதாலேயே தம்பி மறுநாள் வீட்டுக்கு வந்துவிட மாட்டான். வேர் இறங்கும் காலத்தில் தோண்டித் தோண்டிப் பார்க்காமல் இருப்பதுதான் பொறுமைக்கு உரிய இடம் என்று நம்புகிறேன்.

டென்னஸியில் இருக்கும் தோழி போன இலையுதிர் காலத்தில் சில கொட்டைகள் கேட்டாள். "பொங்கலுக்கு உங்க வீட்டுக்கு வர்றேன்ல, அப்ப எடுத்துக்கறேன், பத்திரமா வச்சிருங்க அக்கா" என்றாள். ஈரப் பாசியில் பொதிந்து குளிர்ச்சியாக வைத்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், ஆனால் பைக்குள்ளேயே வேர் விட்டுவிடும். "அதெல்லாம் வேண்டாம், முகவரி அனுப்பு, நாளைக்கே தபால்ல போடறேன்" என்றேன். "வந்த அன்னைக்கே ஊன்றிடு. ஓர் அங்குல ஆழம் போதும், மண்ணு காயக் கூடாது. மேலே கம்பி வலை போட மறந்துடாத, அணில் தோண்டிடும்."