நேத்து பிடிச்சுல்லா?

சுத்தமாக பிரேக் பிடிக்காத வண்டியைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். அதை யாரும் ஷெட்டை விட்டே எடுக்க மாட்டார்கள். பயப்பட வேண்டியது, எப்போதாவது பிடிக்காமல் போகிற வண்டிக்குத்தான்.

எங்கள் நாஞ்சில் நாட்டில் பிக்கப் வண்டி ஓடாத தெரு கிடையாது. குளச்சலில் இருந்து மீன், தோவாளையில் இருந்து பூ, கீரிப்பாறைப் பக்கத்து எஸ்டேட்டுகளில் இருந்து ரப்பர், பிறகு வாழைக்குலை, செங்கல், கல்யாண வீட்டுப் பாத்திரம். பெரும்பாலும் சொந்தக்காரர் ஒருவர், ஓட்டுகிறவர் இன்னொருவர். ஒருநாள் காலையில் டிரைவர் வந்து தலையைச் சொறிவார்.

“மொதலாளி, நேத்து எறக்கத்துல சவுட்டினா பெடல் அடி வரைக்கும் போயிட்டு. ரெண்டாமத்த சவுட்டுக்குத்தான் பிடிச்சு.”

“பிடிச்சுல்லா? பொறவு என்னவே?”

முதலாளி நல்ல மனுஷராக இருந்தால் வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போகும். ஆசான் மெயின் ரோட்டில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பத்து தடவை மிதித்துப் பார்ப்பார். பத்து தடவையும் கல் மாதிரி நிற்கும். “ஒண்ணும் இல்ல, கொள்ளாம்” என்று சாவியைக் கொடுத்துவிடுவார்.

ஆசான் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சராசரியாக 200 மிதிக்கு ஒருமுறை ஏமாற்றுகிற பிரேக் என்று வையுங்கள். பத்து தடவை மிதித்துப் பார்த்தால், கோளாறு தலைகாட்டாமல் இருப்பதற்கு நூற்றுக்கு 95 வாய்ப்பு. சரி, சளைக்காமல் 200 தடவையும் மிதிக்கிறோம். அப்போதும் நூற்றுக்கு 37 வாய்ப்பு, அது நம் கண்ணில் படாமல் தப்பிப்பதற்கு!

இதுகூட, கோளாறு நேரம் காலம் பார்க்காமல் வரும் என்று வைத்துக்கொண்டால்தான். உண்மையில் அது நேரம் பார்த்துத்தான் வரும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டது. இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்? ‘டாட் 3’ என்ற ரக ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. நாலு சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். முழு லோடோடு மலையிறக்கத்தில் பிரேக்கிலேயே கால் வைத்து இறங்கும்போது சூடு ஏறி, ஆயில் கொதித்து ஆவியாகும். ஆயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போவது அதனால்தான். வண்டி சமவெளிக்கு வந்து, ஒரு டீ குடித்து, நாகர்கோவில் ஒர்க்‌ஷாப்பில் காலி வண்டியாக நிற்கும்போது ஆவி மறுபடி ஆயிலாகிவிட்டிருக்கும். தடயமே இருக்காது.

மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்தாலும் இதே கண்ணாமூச்சிதான். ஓங்கி மிதித்தால் நிற்கும். சிக்னலில் மெதுவாக அமுக்கிக்கொண்டே இருந்தால் பெடல் நைஸாகக் கீழே இறங்கும். வெளியே ஒரு சொட்டுகூட ஒழுகாது.

ஆக, ஆசான் நியாயமாகச் சொல்லக்கூடியது “எனக்குத் தட்டுப்படவில்லை” என்பது மட்டும்தான். அது முதலாளி காதுக்குப் போய்ச் சேரும்போது “கோளாறு இல்லை” என்று ஆகிவிடுகிறது. டிரைவர் சோம்பேறி என்று கூடுதலாக ஒரு முடிவும் சேர்ந்துகொள்கிறது. இதையே முதலாளி சொல்லியிருந்தால் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை மூன்று நாள் கழற்றிப் போட்டிருப்பார்கள்.

டபிள்யூ.கே. கிளிஃபோர்ட் என்று ஓர் ஆங்கிலேயக் கணித மேதை. 33 வயதில் இறந்துபோனார். 1870-ல் கிரகணம் பார்க்கப் போன பயணத்தில் சிசிலிக் கரையோரம் கப்பல் விபத்தில் சிக்கிப் பிழைத்தவர். 1877-ல் அவர் எழுதிய கட்டுரையில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழசு. சந்தேகம் அவருக்கே இருக்கிறது. ஆனாலும், இத்தனை தடவை பத்திரமாகப் போய் வந்ததுதானே என்று மனதைச் சமாதானப்படுத்தி, பிழைப்புத் தேடிப் போகும் குடும்பங்களை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது. அவர் இன்ஷூரன்ஸ் பணத்தை வாங்கிக்கொள்கிறார். கிளிஃபோர்ட் இங்கே நிறுத்தவில்லை. கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் முதலாளியின் குற்றம் இம்மியும் குறையாது என்கிறார். அப்படி நம்ப அவருக்கு உரிமை இருந்ததா என்பதுதான் அவருடைய கேள்வி.

கொஞ்சம் கடுமை என்று தோன்றும். டிரைவர்கள் சில நேரம் சாக்குச் சொல்வதும் உண்டுதான். சந்தேகப்பட்டதையெல்லாம் மாற்றிக்கொண்டிருந்தால் வண்டிக்கு வாங்கிய கடனை யார் கட்டுவது? இதெல்லாம் நியாயம்தான். ஆனாலும் என் கட்சி கிளிஃபோர்ட் கட்சி. ‘நேத்து பிடிச்சுல்லா’ என்கிற நம்பிக்கையால் முதலாளிக்குச் செலவு மிச்சம். அந்த நம்பிக்கை பொய்த்தால் விலை கொடுப்பது டிரைவரும், தோவாளையில் சாலை ஓரமாகப் பூக்கூடையோடு நிற்கும் யாரோ ஒரு அம்மாவும். அவர்களை யாரும் சம்மதம் கேட்கவில்லை. அதனால், கோளாறு இருக்கிறது என்று டிரைவர் நிரூபிக்க வேண்டியதில்லை. இல்லை என்று வண்டியை அனுப்புகிறவர் நிரூபிக்கட்டும்.

அமெரிக்காவில் 2005-ல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், சாலையில் உப்புத் தூவுகிற பனி மாநிலங்களில் ஓடிய சுமார் 8 லட்சம் பிக்கப், எஸ்.யூ.வி. வண்டிகளைத் திரும்ப அழைத்தது. சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சாருக்கு அடியில் துரு ஏறி, அதைக் கொஞ்சம் தூக்கிவிட்டது. வண்டி நிற்கப்போகிற மெதுவான வேகத்தில், சக்கரம் வழுக்குகிறது என்று ஏ.பி.எஸ். தப்பாக நினைத்து பிரேக்கைத் தளர்த்திவிடும். சில அடி தள்ளிப்போய் நிற்கும். “திடீர்னு வழுக்குற மாதிரி இருந்துது” என்று சொன்னவர்களை ஒதுக்கிவிடாமல் கேட்டால்தான் இந்த மாதிரி துரு கண்ணில் படும். மீன் வண்டியில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் ஒழுகுகிற நம் ஊருக்கு இது தூரத்துக் கதை இல்லை.

வடசேரிப் பக்கம் ஓர் ஆசான் இருக்கிறார். வண்டியைத் தொடுவதற்கு முன்னால் டிரைவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார். லோடு இருந்துதா? மழையா? மொதச் சவுட்டா, பத்தாவதா? மெதுவா அமுக்கினியா, ஓங்கியா? முதலாளி பொறுமை இழந்து, “அவன் சும்மா சொல்லுகான், வண்டி கொள்ளாம்” என்பார். ஆசான் கையைத் துடைத்துக்கொள்வார்.

“செரி மொதலாளி. ரப்பர் லோடோட கீரிப்பாறை எறக்கம் எறங்கிப் பாத்துருவோம். நீங்களும் முன்சீட்டுல ஏறுங்க.”

அதற்கப்புறம் புது மாஸ்டர் சிலிண்டர் விலை கேட்காத முதலாளியைத் தான் பார்த்ததில்லை என்கிறார்.