வாசிப்புக்கு அரைப்பேர் உண்டா?

சில ஆண்டுகளுக்கு முன் மலையகத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் நான் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஒக்டோபர் மாதத்தைத் தேசிய வாசிப்பு மாதமாகக் கொண்டாடுவது நம் நாட்டு வழக்கம். அதனை முன்னிட்டு ஆசிரியர் கூட்டம் கூடிற்று. பாடசாலை முழுவதற்கும் பொதுவான ஓர் இலக்கு வேண்டும் என்றார் அதிபர். தவணை முடிவதற்குள் ஒவ்வொரு மாணவரும் இருபது நூல்களை வாசித்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தோம். அந்த எண்ணைச் சொன்னவன் நானே. ஏன் இருபது, ஏன் பத்தன்று என எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் விடை இருந்திராது.

சுவரிலே பெரியதோர் அட்டை ஏறியது. பெயர்கள், அவற்றுக்கெதிரே கட்டங்கள், நூலொன்றுக்கு ஒரு நட்சத்திரம். மூன்றாம் வாரத்தில் ஒரு சிறுவனுக்குப் பதினான்கு நட்சத்திரங்கள் சேர்ந்திருந்தன. ஆறாந் தரத்துச் சிறுமி ஒருத்திக்கோ இரண்டே இரண்டு. அவளைக் கூப்பிட்டு, ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டேன். தடித்த கதைப்புத்தகமொன்றை அவள் மூன்றாம் முறையாக வாசித்துக்கொண்டிருந்தாளாம். மூன்று முறை வாசித்தாலும் நூல் ஒன்றுதானே, நட்சத்திரமும் ஒன்றுதானே! அவள் அட்டையை நிமிர்ந்து பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்து, "அப்ப எனக்கு அரப்பேருதானா சேர்?" என்றாள்.

மலையகத்தை அறியாத வாசகருக்கு இச்சொல்லை விளக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். குறித்த நிறைக்குக் கொழுந்து பறித்துக் கொடுத்தால் முழுப்பேர். நிறை குறைந்தால் அரைப்பேர், அரைநாட் சம்பளம். அந்த நிறை தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் மாறும். அதை விதிப்பவர் கூடை சுமப்பவர் அல்லர். அச்சிறுமியின் தாய் கொழுந்து பறிப்பவர். தாய்க்கு மலையிலே ஒரு தராசு. மகளுக்குப் பாடசாலைச் சுவரிலே ஒரு தராசு. இரண்டும் ஒன்றே என்பதை அவள் ஒரு நொடியில் கண்டுகொண்டாள். எனக்கோ ஒரு தவணை சென்றது.

கொழுந்தை நிறுப்பதற்குக் காரணம் உண்டு. பறித்த கொழுந்து பறித்தவளுக்கு உரியதன்று. கூடையை விட்டு இறங்கிய கணமே அது பிறர் உடைமை. ஒருவரின் உழைப்பு இன்னொருவர் கைக்குப் போகும் இடத்தில் அளவுகோல் தேவைப்படுகிறது. வாசித்தது அப்படிப்பட்டதா? அது வாசித்தவரை விட்டு எங்கே போகிறது? அதை இறக்கி வைக்க ஒரு கொட்டகையும் இல்லை. நாம் நட்சத்திரம் ஒட்டிய அன்றே அப்பிள்ளைகளின் வாசிப்பு பாடசாலையின் உடைமையாயிற்று. வலயத்துக்கு அனுப்பும் அறிக்கையில் ஒரு தொகையாயிற்று. தன்னுடையதல்லாத பொருளை மனிதன் எப்படிச் செய்வானோ அப்படியே பிள்ளைகளும் செய்தார்கள். பதினான்கு நட்சத்திரச் சிறுவனிடம் ஒரு நூலின் கதையைக் கேட்டேன். பின்னட்டையில் அச்சிட்டிருந்ததை மனனமாக ஒப்புவித்தான். அவனை நான் கடிந்துகொள்ளவில்லை. பொய் சொல்வதற்கான கட்டங்களை வரைந்து கொடுத்தவன் நானல்லவா?

அப்படியானால் இலக்கே வேண்டாம் என்று விடுவதா? நண்பர் ஒருவர் அவ்வாறே வாதித்தார். வாசிப்பவன் எப்படியும் வாசிப்பான் என்றார்; டொமினிக் ஜீவாவை எடுத்துக்காட்டினார். இளமையிலேயே பள்ளியை விட்டு நீங்கிச் சவரக் கடையில் தொழில் செய்தவர், 'தண்ணீரும் கண்ணீரும்' என்ற சிறுகதைத் தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றவர், 1966 இல் 'மல்லிகை'யைத் தொடங்கிப் பல்லாண்டு நடத்தியவர். அவருக்கு எந்தப் பாடசாலை இலக்கு வைத்தது?

உண்மை. ஆனால் இந்த வாதம் எனக்குக் கசக்கிறது. ஒரு ஜீவா எழுந்ததைக் காட்டி, எழ முடியாது போன ஆயிரம் பேரைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறோம். அந்தச் சவரக் கடையிலாவது பத்திரிகை கிடந்தது. வாசித்ததைப் பற்றிப் பேச மனிதர் வந்தனர். நூல் அலுமாரி உள்ள வீட்டுப் பிள்ளையிடம் விருப்பம்போல் வாசி என்று சொல்வது சுதந்திரம். லயத்திலே ஓர் அறைக்குள் ஆறேழு பேர் உறங்கும் வீட்டுப் பிள்ளையிடம் அதையே சொல்வது கைவிடல். 1945 இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் பெரும்பாலும் அந்த வரம்புக்கு வெளியேதான் நின்றன. 1970களிலேதான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. அப்பிள்ளைக்குப் பாடசாலையைத் தவிர வேறு வாசிகசாலை ஏது?

ஆகவே இலக்கு வேண்டும். அது யாரைக் கட்ட வேண்டும் என்பதே கேள்வி. கடன்பட்டவனே தவணை சொல்ல வேண்டும். கடன் கொடுத்தவன் அல்லன். வாசிப்பு விடயத்தில் பிள்ளைக்குக் கடன்பட்டிருப்பது பாடசாலை. நாமோ நமது கடனைப் பிள்ளையின் பெயரில் எழுதிவிட்டு, அவள் கட்டவில்லை என்று முகஞ்சுளித்தோம்.

எங்கள் கடன் எவ்வளவு என்று பின்னர் கணக்குப் பார்த்தேன். பிள்ளைகள் சுமார் இருநூறு பேர். தலைக்கு இருபது என்றால் நாலாயிரம் முறை நூல்கள் கைமாற வேண்டும். அலுமாரியில் இருந்தவை ஏறத்தாழ நூற்றைம்பது. பத்து வாரத் தவணையில் ஒவ்வொரு நூலும் இருபத்தாறு முறைக்கு மேல் வெளியே போய்த் திரும்ப வேண்டும்; அதாவது மூன்று நாளைக்குள் ஒருமுறை. அந்த அலுமாரியோ அதிபரின் அறையில் பூட்டிக் கிடந்தது. பூட்டியவர் கொடியவர் அல்லர். ஆண்டுக் கணக்கெடுப்பிலே ஒரு நூல் குறைந்தாலும் பொறுப்பாசிரியர் பதில் சொல்ல வேண்டும். நூல் எவராலும் தொடப்படாமல் பழுத்துப் போனால் அவரை ஒருவரும் கேட்பதில்லை. பிள்ளைகளிடமிருந்து நூல்களைக் காப்பாற்றும் விதியை வைத்துக்கொண்டு பிள்ளைகளை வாசிக்கச் சொன்னோம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: அத்தவணையில் ஆசிரியர்களாகிய நாங்கள் வாசித்த நூல்கள் எத்தனை? என் பெயருக்கெதிரே அட்டையில் கட்டம் இருந்திருந்தால் அதில் ஒன்றுகூட ஏறியிராது. பாடக் குறிப்பு எழுதவும், புலமைப்பரிசில் பரீட்சையின் வெட்டுப்புள்ளியைப் பற்றிப் பெற்றோருக்குச் சொல்லவுமே பொழுது போயிற்று.

அடுத்த ஆண்டு அட்டையைக் கழற்ற வேண்டும் என்றேன். அதிபர் இணங்கவில்லை, அறிக்கைக்குத் தொகை வேண்டுமே என்றார். அவர் நிலையும் எனக்கு விளங்கியது, அவருக்கும் மேலே ஒரு தராசு உண்டு. நெடுநேரம் பேசிய பின் அட்டை அவ்விடத்திலேயே இருக்கட்டும், அலுமாரி வெளியே வரட்டும் என்று உடன்பட்டார். விறாந்தையில் வைத்தோம், பூட்டுப் போடவில்லை. காலையில் இருபது நிமிடம் எல்லோரும் வாசிப்பது என்றும், அந்நேரம் ஆசிரியர்களும் கையில் நூலோடு இருப்பது என்றும் தீர்மானித்தோம். ஆசிரியர்களில் மூவர் இருந்தோம்; மற்றவர்கள் கொப்பி திருத்தினார்கள். கொழுந்து மிகுந்த காலத்தில், தாய்மார் விடியற்காலையிலேயே மலைக்குப் போய்விட, தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் மூத்த பிள்ளைகள் அந்த இருபது நிமிடத்துக்கு வந்து சேரவில்லை. அதற்கு இன்றுவரை எனக்கு வழி தெரியவில்லை.

வீட்டுக்குப் போன நூல்கள் மஞ்சள் கறையோடும், மடிந்த ஓரங்களோடும் திரும்பி வந்தன. ஒன்றினுள்ளே காய்ந்த தேயிலைக் கொழுந்து ஒன்று அடையாளமாக வைக்கப்பட்டிருந்தது. எழுத்தறியாத பாட்டிக்கு இரவிலே உரக்க வாசித்துக் காட்டியதாக ஒரு பையன் சொன்னான். பாட்டி முடிவை ஒப்புக்கொள்ளவில்லையாம்.

ஆண்டிறுதிக் கணக்கெடுப்பில் ஏழு நூல்கள் குறைந்தன. அவற்றில் ஒன்று அந்தத் தடித்த கதைப்புத்தகம். அது எந்த லயத்தில், எந்தக் காம்பராவில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். கேட்கப் போகவில்லை. படிவத்திலே 'குறைவு: 7' என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.