அறிவும் உடைமையும்

உழைத்துப் பெற்றதை உழைத்தவனே ஆளவேண்டும் என்பது அறத்தின் எளிய விதி. அறிவுக்கும் அவ்விதி பொருந்துமா என்பதே வினா.

1971 இல் அமெரிக்காவின் புறூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் புரதத் தரவு வங்கி தொடங்கியபோது அதில் இருந்தவை 7 கட்டமைப்புக்களே. ஒரு புரதத்தைப் பளிங்காக்கி, எக்ஸ் கதிர் செலுத்தி, அணுக்களின் இடங்களைக் கணித்தல் அந்நாளில் பல்லாண்டு உழைப்பை வேண்டிற்று. எனவே, கட்டுரை வெளிவந்த பின்னரும் தரவுகளைத் தம்மிடமே வைத்துக்கொண்டோர் பலர். 1989 இல் சர்வதேசப் பளிங்கியல் ஒன்றியம் வகுத்த நெறியும் ஓராண்டுவரை அவற்றை மறைத்துவைக்க இடமளித்தது.

அன்னார் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. விதைத்தவன் அறுக்குமுன் பிறர் அரிவாளோடு வருதல் நீதியாகுமா? ஆயினும், நெல் பகிரப் பகிரக் குறையும், அறிவு குறையாது. மேலும், தரவு மறைக்கப்பட்ட முடிவைப் பிறர் சோதிக்க இயலாது. சோதிக்க இயலாதது விஞ்ஞானமாகாது. வெறும் நம்பிக்கையே ஆகும். ஆகவே, உழைத்தவனுக்கு உரியது மதிப்பேயன்றிப் பூட்டன்று.

இன்று அவ்வங்கியில் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டமைப்புக்கள் எவருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. அவற்றை அடிப்படையாகக் கொண்டே அல்பாஃபோல்ட் என்னும் கணனிமுறை உருவாயிற்று. அதனை ஆக்கிய டெமிஸ் ஹஸாபிஸ், ஜோன் ஜம்பர் ஆகியோர் 2024 இன் இரசாயன நோபல் பரிசில் பாதியைப் பகிர்ந்தனர். அதே ஆண்டு மே மாதம் அதன் மூன்றாம் பதிப்போ செய்நிரல் மறைக்கப்பட்டே அறிவிக்கப்பட்டது. ஆய்வாளர் பலர் கண்டித்தனர். நவம்பரிலேயே அது கல்விசார் பயனுக்கெனக் கிடைத்தது.

இதில் சட்டம் மீறப்படவில்லை. எனினும், அறம் சட்டத்தோடு முடிவதன்று. கொடுப்போரிடம் மட்டும் தியாகத்தை வேண்டும் பொதுமை நெடிது நிலையாது; பெற்றோரும் கொடுப்போராதல் வேண்டும்.