காணுதலும் காத்தலும்

ஓர் உயிரைக் கண்டுகொண்டிருத்தல் அவ்வுயிரைக் காத்தலாகுமா? பிள்ளைகளை நாடோறும் மேற்பார்வை செய்யும் ஆசிரியன்மாராகிய நமக்கு இவ்வினாப் புதியதன்று. ஆயினும், மேல்நாடுகளிலே குதிரைகளை வண்டியேற்றிச் செல்வோர் இக்காலத்திற் கையாளும் கருவியொன்று இதனைத் தெளிவுற ஆராய்தற்கு இடந்தருகின்றது. அதனைப்பற்றிச் சில கூறுவாம்.

பந்தயத்தின் பொருட்டும், விற்பனையின் பொருட்டும், இனவிருத்தியின் பொருட்டும், கொலைக்களத்தின் பொருட்டும் குதிரைகள் நெடுந்தூரம் கொண்டுசெல்லப்படுகின்றன. முன்னாளில் மனிதனைச் சுமந்து சென்ற குதிரை இந்நாளில் அவன் செலுத்தும் வண்டியினுள்ளே நின்றபடி சுமக்கப்படுகின்றது. சாரதி முன்னே இருக்கின்றான். குதிரை பின்னே அடைபட்டு நிற்கின்றது. வண்டி திரும்புந்தோறும், திடீரென நிறுத்தப்படுந்தோறும், நான்கு கால்களையும் ஊன்றித் தன்னைத் தாங்கிக்கொள்ளுதல் அதற்கு ஓயாத தொழிலாகும். அது கயிற்றிற் சிக்குண்டாலும், வழுக்கி வீழ்ந்தாலும், இடையே சுவர் இருத்தலின் சாரதி அறியான். இக்குறையை நீக்குதற்பொருட்டே குதிரை நிற்குமிடத்திற் சிறிய கமரா ஒன்றைப் பொருத்தி, அதன் படம் சாரதியின் முன்னுள்ள திரையிலே தோன்றுமாறு அமைக்கின்றனர். இருளிலும் காட்டவல்ல கமராக்களும் உள.

இக்கருவியை இகழ்தல் தகாது. காணாதவிடத்து இரக்கம் எழுதல் அரிது. 1911 ஆம் ஆண்டிலே, அடா கோல் என்னும் ஆங்கிலப் பெண்மணியார் பெல்ஜியத்தின் அன்ற்வேர்ப் துறைமுகத்திலே, பிரித்தானியாவில் உழைத்து உழைத்துத் தேய்ந்த குதிரைகள் கப்பலினின்றும் இறக்கப்பட்டுக் கொலைக்கு நடத்தப்படுதலைக் கண்டார். கண்டவர் வாளாவிருந்திலர். 1927 ஆம் ஆண்டில் அக்கொடுமையை ஒழித்தற்கென ஒரு சங்கம் நிறுவினார். குதிரை ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1937 ஆம் ஆண்டிற் பிறந்தது. கொலைக்கெனக் குதிரை முதலியவற்றை உயிருடன் பிரித்தானியாவினின்றும் ஏற்றுமதி செய்தலை விலக்கும் சட்டம் 2024 ஆம் ஆண்டில் நிறைவேறிற்று. துறைமுகத்தில் நின்றோர் கண்களுக்கெல்லாம் புலப்பட்ட காட்சி ஒன்றே. அதனைத் தம் கடமையாக ஏற்றுக்கொண்டமையே அவ்வம்மையாரின் வேறுபாடு. ஆதலின், காணுதல் காத்தற்கு வாயிலேயன்றிக் காத்தல் ஆகாது என்பது பெறப்படும்.

இனி, கருவி காட்டாதது யாது என்பதையும் நோக்குவாம். வண்டியிற் குதிரையின் தலையை உயர்த்திக் கட்டுதல் வழக்கம். குதிரை தலையைத் தாழ்த்தினாலன்றிச் சுவாசக் குழாயிற் சேரும் சளியும் அழுக்கும் நன்கு வெளியேறமாட்டா. தலை உயர்த்தி நிறுத்தப்பட்ட குதிரைகளிலே, 6 முதல் 12 மணிநேரத்துள், நோய்க்கிருமிகள் சுவாசக் குழாயின் கீழ்ப்பகுதியிற் பெருகி அழற்சி உண்டாதலை அவுஸ்திரேலிய மிருக வைத்தியர்கள் 1995 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியிற் காட்டினர். அதுவே முற்றி நுரையீரல் நோயாய்க் குதிரையைக் கொல்லுதலும் உண்டு. திரையை நோக்கும் சாரதிக்கு இவை எவையும் தோன்றா. குதிரை அமைதியாக நிற்றல் ஒன்றே தோன்றும். குதிரையோ வேட்டை விலங்குகளுக்கு அஞ்சி வாழ்ந்த இனத்தது. தன் நோவை எளிதில் வெளிக்காட்டாது. ஆகவே அசையாது நிற்பது சுகமாய் நிற்பதெனக் கொள்ளுதல் பெரும் பிழையாம்.

இதற்கு மருந்து எளியது. வண்டியை நிறுத்தல் வேண்டும். கட்டைத் தளர்த்தித் தலையைத் தாழ்த்தவிடல் வேண்டும். நீரும் புல்லும் கொடுத்தல் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2005 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க ஒழுங்குவிதியிலே, பதிவுபெற்ற குதிரைகள் நீங்கலாக ஏனைய குதிரைகளுக்கு 8 மணிநேரத்துக்கொருமுறை நீர் கொடுக்கவேண்டும் எனவும், பிரயாணம் 24 மணிநேரத்தின் மேற்படலாகாது எனவும் வகுத்தது. கமரா உண்டென்னும் துணிவினால், "குதிரை நன்றாய் நிற்கின்றது, இன்னும் சிறிது தூரம் செல்வோம்" என்று நிறுத்தாது ஓட்டுபவனுக்கு அக்கருவி கண்ணாகாது, கண்ணை மறைக்கும் திரையேயாகும்.

அற்றேல் கருவியை நீக்கிவிடலாமே எனின், அது பொருந்தாது. கருவியில்லாதவன் குதிரை வீழ்ந்ததை அறியாது சென்றானாயின், அவன் பிழை அறியாமையின்பாற் படும். படத்திலே கண்டும் நிறுத்தாது சென்றவனுக்கோ "அறியேன்" என்னும் சொல் இல்லை. கருவி கடமையைக் குறைப்பதன்று, மிகுவிப்பது. அதனைப் பொருத்துவோன் பொருத்தும்பொழுதே, கண்டவுடன் நிறுத்துவேன் என்று உடன்பட்டவனாகின்றான்.

பிறிதொரு கமராவும் உண்டு. அது விலங்கை நோக்குவதன்று. விலங்கைக் கையாளும் மனிதனை நோக்குவது. இங்கிலாந்திலே 2018 ஆம் ஆண்டின் சட்டம் கொலைக்களங்களிற் கமரா வைத்துப் படங்களை 90 நாள் பாதுகாக்குமாறு விதித்தது. வண்டிகளிலும் அவ்வாறு வேண்டுமென்பாரும் உளர். அச்சத்தினாற் செய்யும் நன்மை அறமாகுமோ என்று ஈண்டு வினாவலாம். குதிரைக்கு அவ்வினா இல்லை. அஞ்சிக் கொடுப்பினும் அன்பினாற் கொடுப்பினும் நீர் அதன் தாகத்தைத் தணிக்கும். ஆதலாற் சட்டத்தை வெற்றாரவாரமென்று தள்ளுதல் குதிரையின் தாகத்தைப் பொருட்படுத்தாமையேயாம். வேறுபாடு மனிதனிடத்ததே. அஞ்சுவோன் கமரா எட்டுமளவே நல்லவன்; நுரையீரலில் மெல்லச் சேரும் நோயைக் கமரா காட்டாமையின், அவன் நன்மையும் அங்கே நின்றுவிடும். அன்புடையோனோ படம் செவ்வையாய் இருப்பினும் இறங்கிச் சென்று, கழுத்திற் கைவைத்து, மூச்சை உற்றுக் கேட்பான்.

பரீட்சை மண்டபத்தில் நாம் உலாவும்பொழுது பிள்ளைகள் நேர்மையாய் எழுதுகின்றனர். அது வேண்டுவதே. நாம் வெளியே சென்றபின்னரும் அவ்வாறு எழுதும் பிள்ளையை ஆக்குதலன்றோ நம் தொழில்? நாமும் வகுப்பிலே அசையாதிருக்கும் பிள்ளையைக் கண்டு, "இவன் நன்றாயிருக்கின்றான்" என்று கடந்து செல்லாது, அருகிற் சென்று வினாவுதல் வேண்டும்.